குவாலிட்டி, 43 வயது, வேலை இல்லை. தெரிஞ்சவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?

வெர்னியர் எழுதியது:

வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மெஷினிங் கம்பெனியில் கடைசியா குவாலிட்டி அசிஸ்டன்ட் மேனேஜரா இருந்தேன். எங்க பெரிய கஸ்டமர் ஒரு மாடலை நிறுத்தினதும் ஆர்டர் பாதியாச்சு, கொஞ்ச நாள்ல கம்பெனியே மூடிட்டாங்க. செட்டில்மென்ட் தவணை தவணையா வந்துட்டிருக்கு. அந்தக் கதை இங்க வேண்டாம்.

நௌக்ரி வேலை சைட்டில் புரொஃபைலை விடாம அப்டேட் பண்றேன். வர்ற போனெல்லாம் கன்சல்டன்சிதான். "சார், அஞ்சு வருஷ அனுபவம்தான் கேக்குறாங்க, உங்களுக்கு இருபது தாண்டிருச்சே"ன்னு அவங்களே வச்சிடறாங்க. வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, "இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கீங்க, நாலு பேரைத் தெரியாதா?"ன்னு. தெரியும்தான். போன் நிறைய நம்பர் இருக்கு. ஆனா பாதி சப்ளையர், மீதி கஸ்டமர் பக்கத்து ஆளுங்க. போன வருஷம் வரைக்கும் யார் அனுப்பின லாட்டை ரிஜெக்ட் பண்ணித் திருப்பி விட்டேனோ, அவர்கிட்டயே போய் "எனக்கு ஏதாவது பாருங்க"ன்னு எந்த முகத்தோட கேக்குறது?

தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்க யாராவது இருக்கீங்களா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

அம்பத்தூர்வாசி எழுதியது:

தம்பி, நான் ஆள் எடுக்கிற பக்கத்துல இருக்கிறவன். அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன மெஷின் ஷாப், எல்லாரையும் சேர்த்து அறுபது பேர் சொச்சம். என்கிட்ட இருக்கிற ஒரு கியூ.சி. (குவாலிட்டி) ஆள் வேலையை விடறேன்னு பேப்பர் போட்டா நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன், கேளுங்க.

அன்னிக்குச் சாயந்தரமே இன்சர்ட் (மெஷின்ல மாட்டுற வெட்டு முனை) விக்க வர்ற பையன்கிட்ட சொல்லிடுவேன். அவன் நாள் பூரா ஷாப் ஷாப்பா ஏறி இறங்குறவன். எங்க மெஷின் சும்மா நிக்குது, எங்க ஓவர்டைம் ஓடுது, எந்த முதலாளிக்கும் எந்த சூப்பர்வைசருக்கும் ஆகலை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடுத்து, கேஜ், அதாவது அளக்கிற கருவி, சரியா காட்டுதான்னு சோதிக்க வாங்கிட்டுப் போற காலிபிரேஷன் லேப்காரர். அப்புறம் கஸ்டமர் கம்பெனியில சப்ளையர் தரத்தைப் பார்க்கிற எஸ்.க்யூ.ஏ.: "சார், உங்க மத்த சப்ளையர்கிட்ட இருந்து நல்ல ஆள் யாராவது வெளியே வர்றாங்களா?" இவங்க எல்லாரும் கைவிரிச்சாத்தான் நௌக்ரிக்குப் பணம் கட்டுறது. ஆக, எங்க மாதிரி ஷாப் நெட்ல போடுற விளம்பரம், ஊரெல்லாம் கேட்டும் ஆள் சிக்காத வேலை. ஒண்ணு சம்பளம் கம்மியா இருக்கும், இல்லைன்னா அந்த சீட்ல யாரும் தங்கியிருக்க மாட்டாங்க. பெரிய கம்பெனி கதை வேற. அவங்க ஹெச்.ஆர். நடைமுறைக்காக எப்படியும் விளம்பரம் போடுவாங்க.

சப்ளையர்கிட்ட கூச்சப்படுறீங்களே, அந்த ஆள்தான்யா உங்க வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவர்! ரிப்போர்ட்டோட, நியாயமா ரிஜெக்ட் பண்ணியிருந்தா அன்னிக்குக் கோவம் வந்திருக்கும். இன்னிக்கு அவருக்கே ஒரு குவாலிட்டி ஆள் வேணும்னா முதல்ல உங்க ஞாபகம்தான் வரும். உங்க மச்சானுக்கு உங்களைப் பிடிக்கும், சரி. நீங்க மைக்ரோமீட்டர் பிடிக்கிறதை அவர் பார்த்திருக்காரா?

ரெண்டு விஷயம் சொல்லுங்க. பார்ட்டை அளக்கிற சி.எம்.எம். மெஷின்ல நீங்களே புரோகிராம் போடுவீங்களா, இல்ல ரிப்போர்ட் மட்டும் பார்ப்பீங்களா? ஐ.ஏ.டி.எஃப். 16949 (வண்டி பார்ட் கம்பெனிகளுக்கான தர விதிமுறை) இன்டர்னல் ஆடிட்டர் சர்டிபிகேட் இருக்கா?

நேர்வழி எழுதியது:

இதுக்குப் பேர்தானே சிபாரிசு? நெட்வொர்க்கிங்னு சொன்னா மட்டும் மாறிடுமா?

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். எங்க ஊர்ப் பக்கம் ஒரு பவுண்டரி, பேர் வேண்டாம். மேஸ்திரி தொடங்கி ஸ்டோர்ஸ் வரைக்கும் ஒரே சாதிக்காரங்க. அங்க யாரும் விளம்பரம் போட்டதில்லை, எவனையும் வேண்டாம்னு துரத்தினதும் இல்லை. ஆள் தேவைன்னா அவங்களுக்குள்ள பேசிப்பாங்க, திங்கக்கிழமை அந்த இடத்துல ஆள் நிக்கும். எங்களுக்கு அங்க ஒரு வேலை காலியா இருந்ததே தெரியாது. எங்க அப்பா கரும்பு வெட்டப் போறவர். என் போன்ல எந்த மேனேஜர் நம்பர் இருக்கும்? விளம்பரமும் பரிட்சையும் இருந்தாத்தான் எங்களுக்கு வாசல். நீங்க அதை மூடிட்டு சந்து வழியா வாங்கன்னு சொல்றீங்க.

எண்கள் எழுதியது:

நேர்வழி சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதில் கொஞ்சம் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்தார். 1973-ல் வந்த அவருடைய கட்டுரையில், ஆள் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அந்த ஆளை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?" என்று கேட்ட கணக்கு இருக்கிறது. அடிக்கடி, அதாவது வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்த்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6. வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8. காரணம் எளிது. தினமும் கூட இருப்பவருக்குத் தெரிந்த சேதி ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். எப்போதோ பார்க்கிறவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார், அவரிடம்தான் புதுச் சேதி இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. அந்தச் சதவீதங்கள் வெறும் 54 பேரை வைத்துப் போட்டவை, அவர்களும் மேலாளர், தொழில்நுட்பர் ரகத்தவர்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. அடுத்து, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் லிங்க்டினை வைத்து மிகப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. ஐந்து ஆண்டுகள், சுமார் 2 கோடிப் பேர். ரொம்ப நெருக்கமும் இல்லாமல் அறவே அந்நியமும் இல்லாமல் நடுவில் இருக்கும் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியது என்று கண்டார்கள். அதிலும் ஒரு திருப்பம்: கணினி சார்ந்த துறைகளில்தான் லேசான பழக்கம் பலித்தது. அந்த அளவுக்குக் கணினிமயம் ஆகாத துறைகளில் நெருக்கமான பழக்கம் நன்றாக வேலை செய்தது.

மெஷின் ஷாப்பை இதில் எங்கே வைப்பது என்று அம்பத்தூர்வாசிதான் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர்வாசி எழுதியது:

54 பேரை வச்சா ஐம்பது வருஷமாப் பேசுறாங்க? நல்லாருக்கு.

எங்க தொழில்ல நெருக்கம்னா கூடச் சேர்ந்து வேலை பார்த்ததுதான். கல்யாணத்துக்குக் கூப்பிடுற நெருக்கம் கணக்குல வராது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டுக்கு வந்தவர் ரெண்டே நாள்ல என் ஆளை எடை போட்டுட்டுப் போயிடுவார். பார்க்கிறது எப்போதாவதுதான், ஆனா தெரிஞ்சுக்கிறது முழுசா. உங்க ஆராய்ச்சியில இதுக்குக் கட்டம் இருக்கான்னு தெரியலை.

நேர்வழிக்கு: நீங்க சொல்ற பவுண்டரி மாதிரி ஆயிரம் இருக்கு, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. என்னைப் பொறுத்தவரை, என்கிட்ட ஒருத்தரைச் சொல்லி அனுப்புறவர்கிட்ட "உனக்கு என்ன உறவு?"ன்னு கேக்க மாட்டேன். "அவர் வேலையை எங்க பார்த்தே?"ன்னுதான் கேப்பேன். அதுக்குப் பதில் இருந்தா அது சேதி. பதில் இல்லாம "நம்ம பையன்"னு வந்தா, அது நீங்க சொல்ற சிபாரிசு.

இடைவேளை எழுதியது:

நேர்வழி தம்பி சொல்றதுல இன்னொரு பக்கமும் இருக்கு. ஆம்பளைங்க ஷிப்ட் முடிஞ்சு கேட் எதிர்ல டீக்கடையில நிப்பாங்க. எந்த லைன்ல ஆள் எடுக்கிறாங்க, எவன் வேலையை விடப் போறான், எல்லாம் அங்கதான் பேச்சு. நாங்க நேரா கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு வைக்கணும். பதினோரு வருஷம் வேலை பார்த்தாலும் எங்க காதுக்கு அந்தச் சேதி வராது.

நான் ஈ.சி.ஈ. டிப்ளமோ. பி.சி.பி. (சர்க்யூட் போர்டு) அசெம்பிளி லைன்ல இருந்தேன். ரெண்டாவது குழந்தைக்கு உடம்பு சரியில்லாம வேலையை விட்டு, சில வருஷம் கழிச்சுத் திரும்பத் தேட ஆரம்பிச்சப்ப "கேப் இருக்கே மேடம்"ங்கறதைத் தவிர வேற பேச்சே கேக்கலை. பாலிடெக்னிக் பேட்ச் வாட்ஸப் குரூப்ல குட் மார்னிங் படம்தான் ஓடும். அதுல பொதுவா "வேலை வேணும்"னு போட்டிருந்தா ரெண்டு கும்பிடு எமோஜி வந்திருக்கும், அவ்வளவுதான். நான் குரூப்ல போடலை. லைன்ல எனக்கு மேல இருந்த ஒரு சாருக்குத் தனியா எழுதினேன். வேலை கேக்கலை. "சார், இப்ப இன்ஸ்பெக்ஷன் ஆளுங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க? நான் விட்டப்ப இருந்ததுலேர்ந்து என்ன மாறியிருக்கு?"ன்னு கேட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, நீளமா. ஐ.பி.சி. 610 (எலக்ட்ரானிக் போர்டு தரம் பார்க்கிறதுக்கான) சர்டிபிகேட் இருந்தா கேப்பைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, அது ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால பழசு வச்சிருக்கிறவங்களும் திரும்ப எழுதிட்டு இருக்காங்கன்னு விவரமா சொன்னார். நகையை அடகு வச்சு கோர்ஸ் முடிச்சேன். முடிச்சதும் "சார், பாஸ் பண்ணிட்டேன்"னு ஒரு வரி அனுப்பினேன். அவராத்தான் கூப்பிட்டார், வேற கம்பெனியில தன் பழைய டீம்காரர் ஆள் தேடுறார்னு.

வேலை இருக்கான்னு கேட்டா இருக்கு, இல்லைன்னு பதில் சொல்லிட்டு முடிச்சிடலாம். தனக்குத் தெரிஞ்ச விஷயத்தைக் கேட்டா யாரும் நிறைய பேசுவாங்க. பொம்பளைங்களுக்கு டீக்கடை இல்லாத குறையை நான் இப்படித்தான் சமாளிச்சேன்.

வெர்னியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்பத்தூர் சார், சி.எம்.எம். புரோகிராம் நானே போடுவேன். இன்டர்னல் ஆடிட்டர் சர்டிபிகேட்டும் இருக்கு.

போன்ல இருக்கிற நம்பரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிப் பார்த்தேன். சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்களைத் தள்ளிட்டு, என் வேலையைப் பார்த்தவங்களை மட்டும். நினைச்சதை விடப் பெரிய பட்டியல். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் ஆளுங்க, கேஜ் செய்யறவர், ரெண்டு லேப், கஸ்டமர் ரெசிடென்ட் இன்ஜினியர், டூல் டீலர். இவங்களுக்கு அனுப்ப ஒரு மெசேஜ் தயார் பண்ணியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனம் மூடப்பட்டதால் தற்போது வேலையின்றி மிகுந்த சிரமத்தில் உள்ளேன். 20 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. எந்த வேலையாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. தயவுசெய்து உதவவும். பயோடேட்டா இணைத்துள்ளேன்."

அம்பத்தூர்வாசி எழுதியது:

இதைப் படிச்சா எனக்குப் பாவமா இருக்கும், ஒரு ஆயிரம் ரூபாய் அனுப்பலாமான்னு தோணும். வேலைக்குக் கூப்பிடத் தோணாது.

"எந்த வேலையாக இருந்தாலும்"னா நான் உங்களை எந்த ஷாப்போட சேர்த்து யோசிக்கிறது? ஒரு பெட்டிக்குள்ள போடுற மாதிரி சொன்னாத்தான் என் மண்டையில நிக்கும். நான் கேட்டது ரெண்டு விஷயம், நீங்க சட்டுனு பதில் சொன்னீங்க, அது ரெண்டுமே இந்த மெசேஜ்ல காணோம். அதோட இது பொதுவா எழுதினது. பிளேட்டிங்காரருக்கும் ரெசிடென்ட் இன்ஜினியருக்கும் ஒரே கடிதமா? நான் எழுதினா இப்படி எழுதுவேன் (மத்தவங்களுக்காக: பி.பி.ஏ.பி.ன்னா புது பார்ட்டுக்கு கஸ்டமர்கிட்ட ஒப்புதல் வாங்குற நடைமுறை, 8டின்னா புகாருக்குக் காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ற முறை):

"வணக்கம் சார். பிராக்கெட் பார்ட் பி.பி.ஏ.பி. சமயத்துல உங்களோட உட்கார்ந்து ஹோல் பொசிஷன் சரி பண்ணினோமே, அந்தக் குவாலிட்டி ஆள். எங்க யூனிட் மூடிட்டாங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெஷினிங் குவாலிட்டியிலதான் தேடுறேன். சி.எம்.எம். புரோகிராம், பி.பி.ஏ.பி., கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டுக்கு 8டி, மூணும் நானே பார்ப்பேன். உங்க சப்ளையர்கள்ல யார் இப்ப புது பார்ட் டெவலப் பண்றாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நான் நேரா பேசிக்கிறேன். எப்ப கூப்பிட்டா உங்களுக்கு வசதி?"

கவனிங்க, "புது பார்ட் யார் பண்றாங்க"ன்னு கேக்குறோம். புது பார்ட் வந்தா சாம்பிள், ரிப்போர்ட், டாகுமென்ட்னு வேலை குவியும், இருக்கிற ஆள் பத்தாது. அந்த முதலாளி இன்னும் "ஆள் வேணும்"னு வாயைத் திறந்திருக்க மாட்டார், ஆனா ராத்திரி தூக்கம் இருக்காது. அங்கதான் நீங்க போய் நிக்கணும்.

பயோடேட்டாவை முதல் மெசேஜோட அனுப்பாதீங்க, கேட்டா அனுப்புங்க. மாசக் கடைசி நாலு நாள் யாரையும் கூப்பிடாதீங்க. டிஸ்பேட்ச் நெருக்கடியில டீவியேஷன், அதாவது அளவு தவறின பார்ட்டை அனுப்ப அனுமதி, கேட்டுக் கத்திட்டு இருக்கிற மனுஷன் உங்களுக்கு என்ன பதில் சொல்வார்? திங்கக்கிழமை காலையும் வேண்டாம், எல்லா இடத்துலயும் ரிவ்யூ மீட்டிங் ஓடும்.

ஓசூர் எக்ஸ்பிரஸ் எழுதியது:

கண்காட்சியை யாரும் சொல்லலையே. அம்பத்தூர் எஸ்டேட் சங்கமான எய்மா சார்பா நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆக்மி மெஷின் கண்காட்சி நடக்கும், கடைசியா 2025 ஜூன்ல நடந்துச்சு. பெங்களூர்ல ஜனவரியில இம்டெக்ஸ், எங்களுக்கு பஸ் ஏறினா வந்துடும். கோவை கொடிசியாவில் இன்டெக்.

முதல் நாள் போகாதீங்க, எல்லாரும் கோட் போட்டுக்கிட்டு ரிப்பன் வெட்ட நிப்பாங்க. கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் போங்க. ஸ்டால்ல ஆளுங்க கால் வலிச்சு உட்கார்ந்திருப்பாங்க, பேச நேரம் இருக்கும். மெஷின் விக்கிற கம்பெனி ஸ்டால்ல சேல்ஸ் ஆளை விட்டுட்டு அப்ளிகேஷன் இன்ஜினியரைப் பிடிங்க. எந்த ஷாப் புது மெஷின் புக் பண்ணியிருக்கு, எப்ப இறங்குதுன்னு அவருக்குத் தெரியும், ஏன்னா போய் டிரையல் எடுத்துக் குடுக்கப் போறதே அவர்தான். மூணு மெஷின் புதுசா இறங்குற ஷாப்புக்கு செட்டரும் வேணும், குவாலிட்டியும் வேணும். நான் இப்ப இருக்கிற வேலை அப்படித்தான் தெரிய வந்தது. பயோடேட்டா கட்டு தூக்கிட்டுப் போகாதீங்க, வாங்கி டேபிளுக்கு அடியில போட்டுடுவாங்க. பேர், நம்பர், "மெஷினிங் குவாலிட்டி, சி.எம்.எம்."னு ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சுக்கோங்க, போதும்.

பழைய லைன் எழுதியது:

எல்லாரும் இன்ஜினியர் லெவல்ல பேசுறீங்க. ஆபரேட்டர் கதை கொஞ்சம் வேற.

2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா பிளான்ட் நின்னப்ப நான் அதை நம்பியிருந்த ஒரு சப்ளையர்கிட்ட இருந்தேன். பிளான்ட் படுத்தா நாங்களும் படுக்கணும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்துல வெளியே வந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் வேலை இல்லை, எல்லாரும் தேடுறது ஒரே வேலை. ஒரு இடத்துல பத்து பேர் எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா சொல்றதா வேண்டாமான்னு யோசிக்கிற நிலைமை. ரூம்ல கூடப் படுத்திருந்தவனே சொல்லாம போயிட்டு வந்தான். அவனைக் குறை சொல்ல முடியலை. வாட்ஸப் குரூப் ஒப்பாரி குரூப்பா ஆயிடுச்சு.

அப்ப எனக்கு வழி விட்டது கம்பெனி பஸ் ஓட்டின அண்ணன். பஸ் கான்ட்ராக்டருக்கு எந்த பிளான்ட் புது ரூட் கேக்குது, எங்க ரெண்டாவது ஷிப்ட் தொடங்குதுன்னு முதல்லயே தெரிஞ்சிடும். கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்தவங்களுக்கும் அப்படித்தான், எத்தனை சாப்பாடு கூடுதல்னு சொன்னாத்தானே அவங்க அரிசி வாங்க முடியும்? "தம்பி, வல்லம் பக்கம் ரெண்டு வண்டி கூடுதலாக் கேக்குறாங்க, போய்ப் பாரு"ன்னார். போனேன், எடுத்தாங்க.

மறைமலைநகர் ஃபோர்டுல 2021 செப்டம்பர்ல மூடுறோம்னு அறிவிச்சாங்க, 2022 ஜூலையில கடைசி வண்டி வெளியே வந்துச்சு. நடுவுல பத்து மாசம். அப்படி நாள் கிடைக்கிறவங்க, கழுத்துல ஐ.டி. கார்டு தொங்கும்போதே வெளியில பேச ஆரம்பிச்சிடணும். கார்டு இருக்கிறவன் போனை எடுக்கிறாங்க, இல்லாதவன் போனை எடுக்கத் தயங்குறாங்க. உலகம் அப்படி.

இன்னொண்ணு, இ.எஸ்.ஐ. இருக்கிறவங்களுக்கு. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தா, வேலை போனா அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்துல சராசரிக் கூலியில பாதி, 90 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆயுசுக்கு ஒரு தடவைதான். விருப்ப ஓய்வுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில தூக்கினதுக்கும் கிடையாது. திட்டத்தை அப்பப்ப நீட்டிச்சுட்டு வர்றாங்க, அதனால கிளை அலுவலகத்துல இப்ப நடப்புல இருக்கான்னு கேட்டுட்டு எழுதிப் போடுங்க. வெர்னியர் சாருக்கு உதவாது, உங்க கீழ இருந்த பசங்களுக்குச் சொல்லுங்க.

நேர்வழி எழுதியது:

பஸ் டிரைவர் அண்ணன் கதை பிடிச்சிருக்கு. அப்படிப் பார்த்தா எனக்கும் நாலு பேரைத் தெரியும். வெல்டிங் ராடு போடுற கடைக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுற பையன்.

ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. ஒரு சேதி யார் காதுல விழுதுங்கறதைப் பிறப்பு தீர்மானிக்குதா இல்லையா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தனியார் வேலை முகாம் நடத்துறாங்க, அரசாங்கமே தனியார் வேலைக்கு இணையதளமும் வச்சிருக்கு. அதுக்கெல்லாம் போறவன் ஆள் இல்லாதவன்தான். அங்க வர்ற கம்பெனி ட்ரெய்னி எடுக்கத்தான் வருது, 30 தாண்டினவனைப் பார்க்கிறதே இல்லை.

எண்கள் எழுதியது:

தீர்மானிக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். பழக்கத்தின் வழியே வேலை போகும் இடத்தில், யார் யாரோடு பழக முடிகிறது என்பதே முதல் தேர்வு ஆகிவிடுகிறது. ஒருவர் தன் வேலையைத் தேடிக்கொள்ள இந்த வழி உதவும். நேர்வழி கேட்கும் கேள்விக்கு இதில் விடை இல்லை.

ஒரகடம் ரவுண்டானா எழுதியது:

நடுவுல ஒரு எச்சரிக்கை. ஒரகடம், சிப்காட் பேர் போட்டு வாட்ஸப் குரூப் ஏகப்பட்டது சுத்துது. "ரெஜிஸ்ட்ரேஷன் கட்டினா போதும், நாளைக்கே ஜாயினிங்"னு சொல்றவன் எவனா இருந்தாலும் பிளாக் பண்ணுங்க. ஒழுங்கான கன்சல்டன்சி கம்பெனிகிட்டதான் பணம் வாங்கும், உங்ககிட்ட வாங்காது. யூனிபார்ம் டெபாசிட், மெடிக்கல் ஃபீஸ்னு வேற பேர்ல கேப்பாங்க, அதுவும் அதேதான்.

வெர்னியர் எழுதியது:

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியலை.

லாட்டைத் திருப்பி அனுப்பினேன்னு சொன்னேனே, அந்த சப்ளையரைத்தான் முதல்ல கூப்பிட்டேன். எடுத்ததும் சிரிச்சார். "சார், உங்களால நான் அந்த மாசம் போனஸ் குடுக்கலை, தெரியுமா?"ன்னார். அவர்கிட்ட இடம் இல்லை. ஆனா அரை மணி நேரம் பேசினார், ரெண்டு பேர் நம்பர் குடுத்தார். அதுல ஒண்ணும் நடக்கலை. ரெசிடென்ட் இன்ஜினியர் மெசேஜைப் பார்த்துட்டு பதிலே போடலை. ரொம்ப நெருக்கம்னு நினைச்ச ரெண்டு பேர் போனை எடுக்கலை, அதை எழுதி என்ன ஆகப் போகுது.

வேலை வந்தது காலிபிரேஷன் லேப்காரர் வழியா. அவரோட நான் பேசினதெல்லாம் ஸ்டிக்கர் தேதி, சர்டிபிகேட்ல அன்சர்ட்டனிட்டி வேல்யூ, இவ்வளவுதான். அவர் சொன்னார், "ஒரகடத்துல ஒரு ஷாப், அலுமினியம் ஹவுசிங் பண்றாங்க. கேஜ் எல்லாம் சரியா இருக்கான்னு மாசத்துக்கு ரெண்டு தடவை என்னைக் கூப்பிடுறாங்க. கேஜ்ல தப்பே இல்லை சார். வேற எங்கயோ இருக்கு, அவங்களுக்குக் கண்டுபிடிக்க ஆள் இல்லை." அவரே அந்த பிளான்ட் ஹெட்டுக்குப் போன் போட்டு, "நான் சர்டிபிகேட் குடுத்தா வரி வரியாப் படிச்சுட்டு சண்டைக்கு வர்ற ஒரே ஆள்"னு என்னைப் பத்தி சொல்லியிருக்கார்.

இன்டர்வியூல பயோடேட்டாவை யாரும் பிரிக்கலை. டிராயிங்கையும் பார்ட்டையும் கையில குடுத்து, "கஸ்டமர் எண்ட்ல போர் (துளை) பொசிஷன் அவுட்டுன்னு வருது, எங்க சி.எம்.எம்.-ல ஓ.கே.ன்னு வருது, ஏன்?"னு கேட்டாங்க. டிராயிங்ல டேட்டம் ஏ, அதாவது அளவுக்கு ஆதாரமா வைக்கிற முகம், எந்த ஃபேஸ்னு பார்த்தேன். பார்ட்டைப் பிடிச்சு வைக்கிற பிக்சரைப் பார்க்கணும்னு கேட்டு ஷாப்புக்குள்ள போனேன். பார்ட்டை அவங்க எதிர் ஃபேஸ்ல உட்கார வச்சு மெஷின் பண்ணியிருந்தாங்க. சி.எம்.எம்.-லயும் அதே ஃபேஸையே டேட்டமா எடுத்துப் புரோகிராம் போட்டிருந்தாங்க. அவங்க அளவு அவங்களுக்கே சரியா வரும், டிராயிங்படி அளக்கிற கஸ்டமருக்குத் தப்பா வரும். பதினைஞ்சு நிமிஷ வேலை. அதுக்கப்புறம்தான் டீ வந்துச்சு.

ஆஃபர் குடுத்திருக்காங்க. பழைய சம்பளத்தை விடக் குறைவு. முதல் ஆறு மாசம் கான்ட்ராக்டர் ரோல்ல இருங்க, அப்புறம் கம்பெனி ரோல்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?

அம்பத்தூர்வாசி எழுதியது:

சபாஷ். சம்பளத்தை விடுங்க, ரோலைப் பிடிங்க. குவாலிட்டி ஆளைக் கான்ட்ராக்டர் ரோல்ல வச்சா ஆடிட்டர் கேள்வி கேக்கலாம், அது அவங்களுக்கும் தெரியும். "சம்பளம் நீங்க சொன்னதே இருக்கட்டும், ஆனா முதல் நாள்லேர்ந்து கம்பெனி ரோல், ஆறாவது மாசம் சம்பள ரிவ்யூ, ஆஃபர் லெட்டர்ல எழுத்துல"ன்னு கேளுங்க. அந்த போர் பிரச்சினை அவங்களுக்கு எவ்வளவு செலவு வச்சுதுன்னு அவங்க கணக்குல இருக்கும், பேரம் பேச இப்பதான் நேரம். லேப்காரரையும் கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்க. நிறைய பேர் வேலை கிடைச்சதும் சேதி சொன்னவரை மறந்துடறாங்க, அடுத்த ஆளுக்குச் சொல்ல அவருக்கு மனசு வராது.

இடைவேளை எழுதியது:

வாழ்த்துகள் சார்! ஒரு விஷயம், பி.எஃப். கணக்கு எண்ணான யூ.ஏ.என்.-ல பழைய கம்பெனியோட வெளியேறின தேதி ஏறியிருக்கான்னு பாருங்க. புது இடத்துல சர்வீஸ் ஹிஸ்டரி பார்க்கும்போது அது காலியா இருந்தா இழுத்தடிப்பாங்க.

வெர்னியர் எழுதியது:

பார்த்தேன், ஏறலை. பழைய இடத்துல ஹெச்.ஆரே இல்லை, யாரைக் கேக்குறது?

இடைவேளை எழுதியது:

யாரையும் கேக்க வேண்டாம். கடைசி பி.எஃப். கட்டினதுலேர்ந்து ரெண்டு மாசம் தாண்டியிருந்தா போர்ட்டல்ல நீங்களே போட்டுக்கலாம். மேனேஜ் மெனுவில மார்க் எக்ஸிட். ஆதார்ல சேர்த்த போனுக்கு ஓ.டி.பி. வரும். தேதியை நிதானமாப் பார்த்துப் போடுங்க, தப்பாப் போட்டா மாத்துறது பெரிய அலைச்சல்.

வெர்னியர் எழுதியது:

ஏத்திட்டேன், நன்றி மேடம். ரோல் விஷயமும் ஒத்துக்கிட்டாங்க. ரிவ்யூவை மட்டும் ஒரு வருஷம்னு எழுதியிருக்காங்க, விட்டுட்டேன். வர்ற 1-ஆம் தேதி ஜாயினிங்.

நேர்வழி, அங்க பிக்சர் எல்லாத்தையும் மாத்தப் போறாங்க. டூல்ரூமுக்கு ஒரு ஃபிட்டர் வேணும்னு பிளான்ட் ஹெட் என்கிட்டயே கேட்டார். உங்க வேலையை நான் பார்த்ததில்லை, அதனால நல்லா செய்வார்னு என்னால சொல்ல முடியாது. இப்படி ஒருத்தர் இருக்கார், கூப்பிட்டு ஒரு ஜாப் குடுத்துப் பாருங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன். விவரம் தனி மடல்ல இருக்கு. வயசு கேக்கலை.

நேர்வழி எழுதியது:

பார்த்தேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஷிப்ட் எப்படி, கம்பெனி பஸ் எது வரைக்கும் வருது?

வெர்னியர் எழுதியது:

டூல்ரூம் ஜெனரல் ஷிப்ட்தான். பஸ் படப்பை வரைக்கும் வருதுன்னு சொன்னாங்க, அதுக்கு அந்தப் பக்கம் கிடையாது. சொந்த மைக்ரோமீட்டர் இருந்தா எடுத்துட்டுப் போங்க.